சமூகம், கல்வி, இசை: ஆங்கிலத்தில் பேசச் சொல் சேர்க்கும் வழி

ஆங்கிலச் செய்தி படித்தால் ஓரளவு புரிகிறது. ஆனால் நேர்காணலிலோ, வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸின் பேச்சுத் தேர்விலோ "உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் எப்படி?", "என்ன மாதிரி பாட்டு கேட்பீர்கள்?" என்று எளிமையாகக் கேட்டால்கூட இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச்சு வரவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக, குறிப்பாகத் தமிழ்வழியில் படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சமூகம், கல்வி, இசை மூன்றையும் சேர்த்து எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம்தான். முதல் பகுதியில் வீடு, படிப்பு, பாட்டு என்று சொந்த விஷயங்களைக் கேட்பார்கள். இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பு எழுதிய அட்டை தருவார்கள். யோசிக்க 1 நிமிடம், பேச அதிகபட்சம் 2 நிமிடம். மூன்றாம் பகுதியில் அதே விஷயத்தை ஊர், நாடு, சமூகம் என்று விரித்துக் கேட்பார்கள். மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு சொல்வளத்துக்குப் போகிறது. தேர்வே எழுதாதவர்களுக்கும் இது பொருந்தும். வெளியூர் ஆளிடம் நம்மைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே படித்தோம், எப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தோம், என்ன பாட்டு பிடிக்கும் என்பதில்தான் பேச்சு தொடங்கும்.

பல பேர் இதற்காக ஆயிரம் சொற்கள் கொண்ட பட்டியலை இறக்கிக்கொண்டு முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அது வேண்டாம். இந்த மூன்று துறைகளிலும் உங்களிடம் ஏற்கெனவே நிறைய ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. அவற்றைச் சரிபார்த்து, அவற்றோடு வழக்கமாக வரும் துணைச்சொற்களோடு சேர்த்து, வாயில் பழக்குவதுதான் உண்மையான வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் சொற்களின் ஒலியை மட்டுமே இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டை நீங்களே அகராதியில் பார்த்து நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தேடி எழுதும் சொல் மனதில் நிற்கும்.

முதல் படி: கையிருப்பைக் கணக்கெடுங்கள்

ஒரு நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்குங்கள். நம் வீட்டிலும் தெருவிலும் தமிழோடு கலந்து பேசும் ஆங்கிலச் சொற்களை எழுதுங்கள். கல்விப் பக்கத்தில் டியூஷன், மார்க், அரியர், ஹால் டிக்கெட், டி.சி., ஸ்காலர்ஷிப், கரஸ்பாண்டன்ட் என்று நிறைந்துகொண்டே போகும். சமூகப் பக்கத்தில் கம்யூனிட்டி சர்டிஃபிகேட், ஜாயின்ட் ஃபேமிலி, நேட்டிவ் பிளேஸ் வரும். இசைப் பக்கத்தில் டியூன், பீட், கோரஸ், பி.ஜி.எம்., மியூசிக் டைரக்டர், ஆர்கெஸ்ட்ரா வரும். அரை மணி நேரத்தில் ஐம்பது, அறுபது சொற்கள் சேர்ந்துவிடும். அதைப் பார்க்கும்போது கிடைக்கும் தைரியம் எந்தப் பட்டியலும் தராதது.

இரண்டாம் படி: எவை வெளியே செல்லும், எவை செல்லாது

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நம் நாவில் இருக்கும் சொற்களில் பல இங்கே ஒரு பொருளிலும் வெளியே வேறு பொருளிலும் வழங்குகின்றன. பேசும்போது எதிரில் இருப்பவர் வேறு எதையோ புரிந்துகொண்டு தலையாட்டுவார். நமக்குத் தெரியவே தெரியாது.

கல்வியிலிருந்து தொடங்கலாம். 'டியூஷன்' என்றால் நமக்கு சாயங்கால வகுப்பு. அமெரிக்கரிடம் அதே சொல்லைச் சொன்னால் கல்லூரிக் கட்டணம் என்று எடுத்துக்கொள்வார். 'ஐ ஹேட் எ பிரைவேட் டியூட்டர்' ('ஹேட்' இங்கே 'ஹேவ்' என்பதன் இறந்தகாலம்) என்று சொன்னால் எங்கும் குழப்பம் இல்லை. 'அரியர்' என்பது வெளியே கட்டாமல் நிற்கும் பாக்கிப் பணம். இரண்டு பேப்பர் அரியர் என்பதை 'ஐ ஹேட் டு ரீடேக் டூ எக்ஸாம்ஸ்' என்று சொல்லுங்கள். 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்றால் மயங்கி விழுந்ததாக அர்த்தமாகும்; 'ஐ கிராஜுவேட்டட்' போதும். 'கரஸ்பாண்டன்ட்' பெரும்பாலும் செய்தியாளரைக் குறிக்கும். பள்ளியை நடத்துபவரைச் சொல்ல வேண்டுமானால் 'த பெர்சன் ஹூ ரன்ஸ் த ஸ்கூல்' என்று விளக்கிவிடலாம்.

'பப்ளிக் ஸ்கூல்' இன்னும் சிக்கலானது. இங்கிலாந்தில் அது பழைய, செலவு பிடிக்கும் தனியார் பள்ளி. அமெரிக்காவில் அரசுப் பள்ளி. நீங்கள் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 'கவர்ன்மென்ட் ஸ்கூல்' என்றே சொல்லுங்கள், எல்லோருக்கும் புரியும். இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் 'ஸ்டேட் ஸ்கூல்' என்பதைப் பழகிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் வாங்கும் 'ஃபர்ஸ்ட் கிராஜுவேட்' சான்றிதழ் உங்களிடம் இருந்தால், அதை ஒரு சான்றிதழின் பெயராக மட்டும் சொல்லிவிட்டு நகராதீர்கள். 'ஐ ஆம் த ஃபர்ஸ்ட் இன் மை ஃபேமிலி டு கோ டு யூனிவர்சிட்டி' என்று சொல்லுங்கள். கேட்பவருக்கு அந்த ஒரு வாக்கியத்திலேயே உங்கள் குடும்பத்தின் கதை எட்டிவிடும். நேர்காணலில் சொல்ல இதைவிட மதிப்புள்ள தகவல் வேறு என்ன இருக்கிறது?

சமூகப் பக்கத்தில் கவனமாகப் பார்க்க வேண்டிய சொல் 'கம்யூனிட்டி'. நம் விண்ணப்பப் படிவங்களில் அது சாதியைக் குறிக்கிறது. வெளியே அது ஒரு பகுதியில் வாழும் மக்களையோ, ஏதோ ஒரு வகையில் ஒன்றுபட்ட மக்களையோ குறிக்கும். 'வாட் இஸ் யுவர் கம்யூனிட்டி லைக்?' என்று தேர்வாளர் கேட்டால் உங்கள் தெருவையும் ஊரையும் அக்கம்பக்கத்தாரையும் பற்றிக் கேட்கிறார். சாதியைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் 'காஸ்ட்' என்றே நேராகச் சொல்லலாம். 'பேக்வர்டு கிளாஸ்' என்பது நம் சட்டச் சொல். இந்தியாவுக்கு வெளியே மனிதர்களைப் பற்றி 'பேக்வர்டு' என்றால் இழிவாக ஒலிக்கும். அதற்கு 'டிஸ்அட்வான்டேஜ்டு' என்பது பொருத்தம். 'நேட்டிவ் பிளேஸ்' வேண்டாம், 'ஹோம்டவுன்' வையுங்கள். 'ஜாயின்ட் ஃபேமிலி' புரியும். ஆனாலும் பேச்சில் 'எக்ஸ்டெண்டட் ஃபேமிலி' என்பதுதான் அதிகம் வழங்குகிறது.

இசைக்கு வருவோம். 'கோரஸ்' என்றால் நமக்குக் கூட்டுக் குரல். ஆங்கிலப் பாட்டைப் பற்றிப் பேசும்போது அது பல்லவிபோலத் திரும்பத் திரும்ப வரும் பகுதி. சரணம் போன்றது 'வெர்ஸ்'. பின்னணியில் சேர்ந்து பாடுபவர்களை 'பேக்கிங் சிங்கர்ஸ்' என்பார்கள். நம் ஊர்க் கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் வரும் 'ஆர்கெஸ்ட்ரா' மெல்லிசைக் குழு. வெளியே 'ஆர்கெஸ்ட்ரா' என்றால் வயலினும் செல்லோவும் ஊதுகருவிகளுமாகப் பல பத்துப் பேர் உட்கார்ந்து, முன்னால் ஒருவர் கோலசைத்து நடத்தும் பெரிய குழு. அவர் 'கண்டக்டர்'. பேருந்தில் டிக்கெட் கொடுப்பவரையும் அதே சொல்லால்தான் அழைக்கிறோம், பயப்பட வேண்டாம். நம் திருவிழாக் குழுவை 'எ லைவ் பேண்ட் தட் பிளேஸ் ஃபிலிம் சாங்ஸ்' என்று சொல்லுங்கள்.

'மியூசிக் டைரக்டர்' வெளியே பெரும்பாலும் ஒரு இசைக்குழுவின் தலைமைப் பொறுப்பு. படத்துக்கு இசை அமைப்பவர் 'ஃபிலிம் கம்போசர்'. 'பி.ஜி.எம்.' என்பதற்குப் பதிலாக 'ஸ்கோர்'. இதை மறக்காமலிருக்க ஒரு வழி உண்டு. ஏ.ஆர். ரகுமான் 2009 ஆஸ்கர் மேடையில் வாங்கிய இரண்டு விருதுகளில் ஒன்றின் பெயர் 'பெஸ்ட் ஒரிஜினல் ஸ்கோர்', மற்றொன்று 'பெஸ்ட் ஒரிஜினல் சாங்'. பின்னணி இசை ஒன்று, பாட்டு ஒன்று. வேறுபாடு அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

மூன்றாம் படி: சொல்லைத் தனியாக எழுதாதீர்கள்

'எக்ஸாம் என்றால் தேர்வு' என்று எழுதி வைத்தால் பேசும்போது உதவாது. தேர்வு 'எழுதுகிறோம்' என்று தமிழில் சொல்வதால் 'ரைட் அன் எக்ஸாம்' என்று வாயில் வரும். சில நாடுகளில் அதுவும் உண்டு. ஆனால் எங்கும் இயல்பாகக் கேட்பது 'டேக் அன் எக்ஸாம்'. இங்கிலாந்தில் 'சிட் அன் எக்ஸாம்' என்றும் சொல்வார்கள். எனவே ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதோடு வழக்கமாகச் சேரும் வினையோடும் அடைமொழியோடும் எழுதுங்கள்.

கல்விக்கு: 'அட்டெண்ட் ஸ்கூல்', 'டிராப் அவுட் ஆஃப் ஸ்கூல்', 'கெட் எ டிகிரி', 'வின் எ ஸ்காலர்ஷிப்', 'மீட் எ டெட்லைன்', 'லேர்ன் பை ஹார்ட்'. கடைசியில் இருப்பது மனப்பாடம். மனப்பாடக் கல்விமுறையைக் குறை சொல்ல வேண்டுமானால் 'ரோட் லேர்னிங்' என்ற சொல் வேண்டும். இந்தியக் கல்வியைப் பற்றிய எந்தப் பேச்சிலும் அது வந்தே தீரும்.

சமூகத்துக்கு: 'டேக்கிள் பாவர்ட்டி', 'ரெய்ஸ் அவேர்னஸ்', 'ஃபேஸ் டிஸ்கிரிமினேஷன்', 'பியர் பிரஷர்', 'அன் ஏஜிங் பாப்புலேஷன்', 'த கேப் பிட்வீன் ரிச் அண்ட் புவர்'. கடைசித் தொடரோடு 'வைடன்' வந்தால் இடைவெளி அகலும். 'நேரோ' வந்தால் குறுகும். இந்த ஒரு தொடரை வைத்தே சமூகக் கேள்விகள் பலவற்றுக்குப் பதில் தொடங்கலாம்.

இசையில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. ஸ்ருதி, லயம் என்று நுட்பமாகப் பிரித்துக் கேட்கும் பழக்கம் பாட்டு கற்காதவர்களுக்குக்கூட ஓரளவு இருக்கிறது. ஸ்ருதி சேரவில்லை என்றால் 'அவுட் ஆஃப் டியூன்'. தாளம் தப்பினால் 'அவுட் ஆஃப் டைம்'. தாளம் பிசகாமல் வாசித்தால் 'கீப் டைம்'. நொட்டேஷன் பார்க்காமல் கேட்டே வாசித்தால் 'பிளே பை இயர்'. ஒரு முறை கேட்டதுமே வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு 'கேச்சி டியூன்'. மனதை அமைதிப்படுத்தும் இசை 'சூதிங்'. எனக்குப் பிடித்தது இது என்பதற்கு 'மை டேஸ்ட் இன் மியூசிக்'. இந்த ஏழெட்டுத் தொடர்கள் போதும், இரண்டு நிமிடம் தடையில்லாமல் பேசலாம்.

இதோடு இலக்கணத்தில் இரண்டு இடங்களை மட்டும் சரிசெய்துகொள்ளுங்கள். 'மியூசிக்', 'ஹோம்வொர்க்', 'நாலெட்ஜ்', 'ரிசர்ச்', 'அட்வைஸ்' ஆகியவற்றுக்குப் பன்மை விகுதி சேர்க்கக்கூடாது, 'ஹோம்வொர்க்ஸ்' தவறு. எண்ணிச் சொல்ல வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப் மியூசிக்', 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று சுற்றி வர வேண்டும். இரண்டாவது, பொதுவாகச் சமூகம் என்று சொல்லும்போது 'சொஸைட்டி'க்கு முன்னால் 'த' வராது. 'இன் த சொஸைட்டி' என்று நம்மவர்கள் பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். 'இன் சொஸைட்டி' என்பதே சரி. ஆனால் ஏழைகள், முதியோர் என்று ஒரு கூட்டத்தைச் சொல்லும்போது 'த புவர்', 'த எல்டர்லி' என்று 'த' கட்டாயம் வரும்.

நான்காம் படி: அழுத்தம்

தமிழில் ஒவ்வொரு அசையையும் ஏறக்குறைய ஒரே எடையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு அசை ஓங்கி ஒலிக்க வேண்டும். அது இடம் மாறினால் சரியான சொல்லும் காதில் விழாது. 'எஜுகேஷன்' சொல்லும்போது 'கே' ஓங்கட்டும். 'கம்யூனிட்டி'யில் 'மியூ'. 'சொஸைட்டி'யில் 'ஸை'. 'மியூசிக்' என்றால் முதல் அசை. 'மியூசிஷியன்' என்றால் 'சி'க்கு நகர்ந்துவிடும். 'ஷன்', 'இட்டி', 'ஷியன்' என்று முடியும் சொற்களில் அந்த முடிவுக்குச் சற்று முன்னால் இருக்கும் அசையே ஓங்கும். 'மைனாரிட்டி', 'ஈக்வாலிட்டி', 'பாப்புலேஷன்', 'டிஸ்கிரிமினேஷன்' எல்லாம் இதில் அடங்கும். நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த அசைக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள்.

எழுத்தைப் பார்த்து ஏமாறக்கூடிய இசைச் சொற்கள் நாலைந்து உண்டு. தேவாலயப் பாடகர் குழு 'குவயர்'. இசை வகை 'ழான்ரா'. கீழ்ஸ்தாயி ஒலியைத் தரும் கித்தார் 'பேஸ்'. லயத்தைக் குறிக்கும் 'ரிதம்' என்ற சொல்லின் எழுத்துக்கூட்டைப் பார்த்தால் தலை சுற்றும். பத்து முறை எழுதிப் பாருங்கள், வேறு வழி கிடையாது.

ஐந்தாம் படி: எதைப் படிப்பது, எதைக் கேட்பது

தமிழ் விளக்கம் தரும் அகராதி ஆரம்பத்துக்குச் சரி. சீக்கிரமே ஆங்கிலத்திலேயே விளக்கம் தரும் மாணவர் அகராதிக்கு மாறிவிடுங்கள். லாங்மேன் மாணவர் அகராதி சுமார் 2000 எளிய சொற்களை வைத்தே தன் விளக்கங்களை எழுதுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் அகராதிகளும் இணையத்தில் இலவசம். உச்சரிப்பையும் கேட்கலாம்.

இப்படி 2000 சொற்களுக்குள் ஒரு மொழியின் அடித்தளத்தை அடக்கிப் பார்க்கும் முயற்சிக்கு நம் துணைக்கண்டத்தோடு தொடர்பு உண்டு. 1953-இல் வெளியான புகழ்பெற்ற பொதுச் சொற்பட்டியலைத் தொகுத்த மைக்கேல் வெஸ்ட், டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கப் பட்ட சிரமத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். நம்மைப் போன்றவர்களின் சிரமத்திலிருந்து பிறந்த வழி இது என்பதில் எனக்கு ஒரு தனி நெருக்கம் உண்டு.

படிக்க, எளிய ஆங்கில விக்கிபீடியா. கல்வி, குடும்பம், வறுமை, வயலின் என்று தலைப்புகளைத் தேடிப் படியுங்கள். கேட்க, பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி. ஒரு நிகழ்ச்சியை மூன்று தடவை கேளுங்கள்: முதலில் சும்மா, பிறகு எழுத்து வடிவத்தோடு, அப்புறம் மறுபடி எழுத்து இல்லாமல். ஆங்கிலப் பாட்டு கேட்டுப் பழகலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. மெதுவான, குரல் தெளிவாக ஒலிக்கும் பாட்டாகப் பாருங்கள். உச்சரிப்புக்கும் காதுக்கும் அது நல்லது. ஆனால் மெட்டுக்காக இலக்கணம் வளைக்கப்பட்டிருக்கும், எனவே வாக்கிய அமைப்பை அங்கிருந்து எடுக்காதீர்கள்.

ஆறாம் படி: மறக்காமல் வைப்பது

படித்தது முதல் சில நாட்களிலேயே வேகமாக மறந்துபோகிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885-இலேயே தன்மேல் சோதித்து எழுதினார். அதனால் இடைவெளி விட்டுவிட்டுத் திருப்பிப் பார்ப்பதே வழி. தினம் ஐந்து தொடர்களுக்கு ஐந்து அட்டைகள் எழுதுங்கள். மூன்று பெட்டி வையுங்கள். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவதை வாரம் ஒரு முறை பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தப்பினால் முதல் பெட்டிக்குத் திரும்பும். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை இது. பெட்டி வேண்டாம் என்றால், இப்படி இடைவெளி விட்டு அட்டைகளைக் காட்டும் 'ஆங்கி' செயலி இருக்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம்.

அட்டையின் முன்பக்கத்தில் சொல்லின் பொருளை எழுதாமல், தமிழில் ஒரு சூழலை எழுதுங்கள். "எதிர்வீட்டுப் பையன் எட்டாவதோடு நின்றுவிட்டான்." பின்பக்கத்தில், 'ஹி டிராப்ட் அவுட் ஆஃப் ஸ்கூல் ஆஃப்டர் எய்த் ஸ்டாண்டர்ட்'. பேசும் நேரத்தில் நம் மனதில் முதலில் எழுவது சூழல்தான். அது சொல்லை இழுத்துக்கொண்டு வரவேண்டும்.

ஏழாம் படி: வாய்விட்டுப் பேசுங்கள்

போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, 1 நிமிடம் குறிப்பெடுத்து, 2 நிமிடம் பேசுங்கள். தலைப்பு உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததாக இருக்கட்டும், அப்போதுதான் கவனம் முழுவதும் சொல்லில் இருக்கும். நான் பரிந்துரைக்கும் முதல் தலைப்பு பள்ளி மதிய உணவு. 1956-இல் காமராஜர் ஆட்சியில் தொடங்கியது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது, 2022-இல் காலை உணவும் வந்தது என்ற வரிசையே ஒரு பேச்சுக்கான எலும்புக்கூடு. சொற்கள்: 'மிட்டே மீல் ஸ்கீம்', 'லோ-இன்கம் ஃபேமிலீஸ்', 'மால்நியூட்ரிஷன்', 'என்ரோல்மென்ட்', 'ரெகுலர் அட்டெண்டன்ஸ்', 'டிராப்அவுட் ரேட்'. ஒரே பேச்சில் கல்வியும் சமூகமும் சேர்ந்துவிடும். இதைப் பற்றி உண்மையாகவே நமக்குச் சொல்ல இருக்கிறது என்பதால் பேச்சில் உயிரும் இருக்கும்.

இரண்டாவது தலைப்பு சென்னையின் மார்கழிக் கச்சேரிகள். மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது, 2017-இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தது போன்ற தகவல்களோடு 'கான்சர்ட்', 'ஆடியன்ஸ்', 'பெர்ஃபார்மர்', 'இம்ப்ரொவைஸ்', 'அகம்பனி' ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். கச்சேரி பிடிக்காதவர்கள் கானா, பறை, நாட்டுப்புறப் பாட்டு என்று தங்களுக்குப் பிடித்ததை எடுக்கலாம். 'ஃபோக் மியூசிக்', 'பெர்கஷன்', 'பாஸ்டு டவுன் த்ரூ ஜெனரேஷன்ஸ்' என்ற தொடர்கள் அங்கே உதவும்.

பதிவைக் கேட்கும்போது இரண்டை மட்டும் குறியுங்கள்: எங்கே சொல் கிடைக்காமல் நின்றீர்கள், எங்கே ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அந்த இடங்களுக்கான சொற்களே மறுநாள் அட்டைகள். முழுப் பதிலையும் எழுதி மனப்பாடம் செய்துவிட்டுப் போகாதீர்கள். தேர்வாளர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள், மதிப்பெண்ணும் குறையும்.

இப்படி இரண்டு மாதம் போனபின், மூன்று துறையும் கலந்த ஒரு கேள்வியை எடுங்கள்: 'ஷுட் மியூசிக் பி டாட் இன் ஸ்கூல்ஸ்?' ஆம் என்று 2 நிமிடம், மறுநாள் கூடாது என்று 2 நிமிடம். அதில் தடுமாற்றம் குறைந்துவிட்டால் அடுத்ததாக, நியூசிலாந்தின் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலுக்குப் போகலாம். மொத்தம் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), பத்து உட்பட்டியல்கள். அடிக்கடி வருபவை முதல் உட்பட்டியலில் இருக்கும். அதிலுள்ள 60 சொற்குடும்பங்களையும் இதே அட்டைமுறையில், துணைச்சொல்லோடு, தினம் ஐந்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.